ஃபோர்டு கார் 850 டாலரிலிருந்து 290 டாலருக்கு எப்படி இறங்கியது?

கேள்வி இது: ஹென்றி ஃபோர்டு அசெம்பிளி லைனைக் கண்டுபிடித்தார், அதனால் சாதாரண மக்களும் கார் வாங்கினார்கள் என்று பள்ளியில் படித்தோம். காரை ஒரு சங்கிலியில் கட்டி நகர்த்தினால் மட்டும் விலை மூன்றில் ஒரு பங்காக எப்படிக் குறையும்? இந்தியாவிலும் கார் தொழிற்சாலைகளில் அசெம்பிளி லைன் இருந்ததே, பிறகு ஏன் 1980கள் வரை இங்கே கார் பணக்காரர் வீட்டுப் பொருளாகவே இருந்தது?

உற்பத்திச் செலவையும் வேலை நேரத்தையும் கணக்கிடுவதுதான் என் பிழைப்பு. அதனால் இந்தக் கேள்வியை ஒரு கணக்கோடு தொடங்குகிறேன். பள்ளிப் பாடம் சொல்லும் கதையில் பாதிதான் இருக்கிறது என்பது அந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

1913 ஆகஸ்டில் டெட்ராய்ட் பக்கத்தில் இருந்த ஃபோர்டின் ஹைலேண்ட் பார்க் தொழிற்சாலையில் ஒரு மாடல் டி காரின் சேஸிஸை, அதாவது எஞ்சினும் சக்கரமும் பூட்டிய அடிச்சட்டத்தை, ஒன்றுசேர்க்கச் சராசரியாக 12 மணி 28 நிமிட ஆள் உழைப்பு பிடித்தது. 1914 ஏப்ரல் கடைசியில், சங்கிலி இழுக்கும் லைன் வந்த பிறகு, அதே வேலைக்கு 1 மணி 33 நிமிடம் போதுமானதாக இருந்தது. எல்லாப் புத்தகங்களிலும் வரும் எண்கள் இவை. சரி, இதைப் பணமாக மாற்றிப் பாருங்கள். அன்றைக்கு அங்கே 9 மணி நேர வேலைக்குச் சாதாரணமாக 2.34 டாலர் சம்பளம், அதாவது மணிக்கு 26 சென்ட். பன்னிரண்டரை மணி நேரத்துக்கு ஏறக்குறைய மூன்றேகால் டாலர். லைன் வந்ததில் மிச்சமான 11 மணி நேரத்தின் மதிப்பு மூன்று டாலர்கூட இல்லை.

ஆனால் கார் விலை இறங்கியது நூற்றுக்கணக்கான டாலர். மாடல் டி-யில் ஐந்து பேர் உட்காரும் டூரிங் வகை 1908 அக்டோபரில் 850 டாலருக்கு வந்தது. அடுத்த வருடம் 950 ஆக ஏறியது. அப்புறம் வருடத்துக்கு வருடம் இறக்கம்தான்: 780, 690, 600, 550, 490, 440, 1916-ல் 360. 1920களின் நடுவில் 290. அந்த மூன்று டாலர் மிச்சத்தைக் கொண்டு இந்த இறக்கத்தை விளக்கவே முடியாது. அது மட்டுமல்ல, 1913 ஆகஸ்டில், சேஸிஸ் லைன் ஓடத் தொடங்குவதற்கு முன்பே, விலை 550-க்கு வந்துவிட்டது. எனவே மலிவின் வேர் லைனுக்கு முந்திய இடத்தில் இருக்கிறது. அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

முதல் வேர், அரத்தை ஒழித்தது. அந்தக் காலத்தில் கார் என்பது பட்டறைப் பொருள். வார்ப்படத்திலிருந்தும் லேத்திலிருந்தும் வந்த பாகங்கள் ஒன்றோடொன்று அப்படியே சேராது. ஃபிட்டர் கையில் அரத்தோடு நின்று, ராவி, பொருத்திப் பார்த்து, மறுபடியும் ராவி உட்கார வைப்பார். ஒரு காரின் பிஸ்டனை எடுத்து இன்னொரு காரில் போட முடியாது. இந்த நிலையில் எந்தச் சங்கிலியையும் ஓட்ட முடியாது. ஒருவர் ராவி முடிக்கும்வரை வரிசை முழுவதும் நிற்கும்.

எல்லாப் பாகமும் ஒரே அளவில் வார்த்தது போல இருக்க வேண்டும் என்ற எண்ணம் அமெரிக்கத் துப்பாக்கித் தொழிற்சாலைகளில் 19-ம் நூற்றாண்டிலேயே வளர்ந்தது. தையல் இயந்திரம், சைக்கிள் வழியாக அது கார் தொழிலுக்கு வந்து சேர்ந்தது. 1908-ல் கேடிலாக் நிறுவனம் இங்கிலாந்தின் புரூக்லேண்ட்ஸ் பந்தயத் தடத்தில் மூன்று கார்களைத் துண்டு துண்டாகப் பிரித்து, பாகங்களைக் கலந்து குவித்து, அந்தக் குவியலிலிருந்தே மறுபடி மூன்று கார்களைப் பூட்டி ஓட்டிக் காட்டியது. கார்த் துறைச் சாதனைக்காகப் பிரிட்டனில் தரும் டியூவர் கோப்பை அதற்குத்தான் கிடைத்தது. அன்றைக்கு இது ஒரு வித்தையாகத் தெரிந்தது. ஃபோர்டின் ஆட்கள் அதைத் தினசரி வேலையாக ஆக்கினார்கள். இயந்திரக் கருவிகளில் கைதேர்ந்த வால்டர் ஃபிளாண்டர்ஸ் 1906-ல் வந்து, இயந்திரங்களை வகை வாரியாக இல்லாமல் வேலை நடக்கும் வரிசையில் நிறுத்தச் சொல்லிக் கொடுத்தார். அப்புறம் ஒரே ஒரு வேலைக்கென்றே செய்த இயந்திரங்கள் வந்தன. எஞ்சின் பிளாக்கின் நாலு பக்கத்திலும் ஒரே நேரத்தில் 45 துளை போடும் இயந்திரம் ஒன்று அங்கே இருந்தது. பிளாக்கை வைப்பது, இயக்குவது, எடுப்பது, அவ்வளவுதான் ஆளின் வேலை. அவருக்கு மெக்கானிக் தொழில் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது வேர், ஒரே மாடல் என்ற பிடிவாதம். 45 துளை போடும் இயந்திரம் வேறு எதற்கும் உதவாது. வருடத்துக்கு 5 ஆயிரம் கார் செய்கிறவர் அதை வாங்கினால் திவால்தான். வடிவமைப்பை மாற்றாமல் லட்சக்கணக்கில் செய்கிறவருக்கு, அதன் விலை ஒரு காருக்குச் சில சென்ட்டாகக் கரைந்துவிடும். 1909-ல் ஃபோர்டு, இனி மாடல் டி மட்டும்தான் என்று அறிவித்தார். 1914 முதல் 1925 வரை நிறமும் கறுப்பு மட்டுமே. ஆரம்ப வருடங்களில் வேறு நிறங்கள் இருந்தன. கறுப்பு இனாமல் மலிவு, நீடித்து நிற்கும், நிறத்துக்கு ஒன்றாக ஸ்டாக் வைக்கும் தொல்லையும் இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். மலிவுக் கார் அதற்கு முன்பும் இருந்தது. ரான்சம் ஓல்ட்ஸ் 1901-லேயே கர்வ்ட் டேஷ் என்ற சின்னக் காரை வரிசை முறையில் கையால் நகர்த்திப் பூட்டி 650 டாலருக்கு விற்றார். ஆனால் அது மோட்டார் வைத்த குதிரை வண்டி அளவுதான். மாடல் டி உழைக்கிற கார். வனேடியம் எஃகைச் சேர்த்ததால் எடை குறைந்து பலம் கூடியது. சுமார் 20 குதிரைத் திறன். தரையிலிருந்து நல்ல உயரம். தார் சாலையே பார்க்காத கிராமத்துச் சேற்றிலும் பள்ளத்திலும் போகும். விவசாயிகள் பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, அதில் பெல்ட் மாட்டி மரம் அறுத்தார்கள், தண்ணீர் இறைத்தார்கள். குறையும் இருந்தது. பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில் இருந்தது, பம்ப் கிடையாது. டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது செங்குத்தான மேட்டில் ஏறினால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போகாது. அதனால் ரிவர்ஸில் ஏறுவார்கள். அதையும் பொறுத்துக்கொண்டு வாங்கினார்கள், ஏனென்றால் அந்த விலையில் அவ்வளவு வேலை செய்கிற வண்டி வேறு கிடையாது.

இப்போது லைனுக்கு வரலாம். சுமார் 1913 ஏப்ரல், ஹைலேண்ட் பார்க்கின் மேக்னெட்டோ பிரிவு. எஞ்சினில் பொறி எழுப்பும் மின்சாரத்தைத் தருவது மேக்னெட்டோ. எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலில் V வடிவக் காந்தங்கள் பதினாறைத் திருகி இறுக்க வேண்டும். அதுவரை ஒவ்வொரு தொழிலாளியும் தன் மேசையில் எல்லாப் பாகத்தையும் பரப்பிக்கொண்டு ஒரு மேக்னெட்டோவை முழுதாகச் செய்து முடிப்பார். ஒன்றுக்கு 20 நிமிடம். அதை மாற்றி, 29 பேரை ஒரு நீளமான தட்டின் ஓரமாக நிறுத்தினார்கள். ஒருவர் சில காந்தங்களை வைப்பார், அடுத்தவர் சில நட்டுகளை மாட்டுவார், அடுத்தவர் இறுக்குவார். தன் வேலை முடிந்ததும் ஃப்ளைவீலை அடுத்தவரிடம் தள்ள வேண்டும். முதல் நாளே ஒன்றுக்கு ஆன நேரம் 13 நிமிடம் 10 விநாடிக்கு வந்தது.

அடுத்து நடந்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அந்தத் தட்டு தாழ்வாக இருந்தது, குனிந்தே நின்றவர்களுக்கு முதுகு போயிற்று. தட்டை 8 அங்குலம் உயர்த்தினார்கள். அதோடு நேரம் 7 நிமிடம். அப்புறம் கையால் தள்ளுவதை விட்டு, சங்கிலியே நகர்த்தும்படி செய்தார்கள். வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்துச் சரியான வேகத்தைப் பிடித்ததும் 5 நிமிடம். ஆள் எண்ணிக்கை 29-லிருந்து 14. புதுத் தொழில்நுட்பம் என்று இதில் எதுவுமே கிடையாது. அதே காந்தம், அதே நட்டு, அதே ஸ்பேனர். எட்டிப் பிடிப்பது, தேடுவது, குனிவது, நடப்பது, அடுத்தது என்ன என்று யோசிப்பது ஆகியவற்றில் போன 15 நிமிடத்தைத்தான் எடுத்துவிட்டார்கள். நாம் வேலை என்று நினைக்கும் நேரத்தில் முக்கால் பங்கு, பொருளின் மேல் கையே படாத நேரமாக இருந்திருக்கிறது.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? சிகாகோ இறைச்சிக் கூடங்களில் கொக்கியில் தொங்கும் உடல்கள் நகர்ந்து வர, ஒவ்வொருவரும் தன் பங்கை வெட்டுவதை ஃபோர்மேன் வில்லியம் கிளான் பார்த்துவிட்டு வந்தார். பிரிப்பதற்கு ஓடுகிற வரிசை சேர்ப்பதற்கும் ஓடாதா என்று கேட்டார். சார்ல்ஸ் சோரன்சன், பீட்டர் மார்ட்டின், கணக்குப் போட்டு வேலைகளைப் பிரித்த கிளாரன்ஸ் ஏவரி என்று பலர் சேர்ந்து செய்தது இது. தனி மனிதர் ஒருவரின் கண்டுபிடிப்பு என்று சொன்னால் அது இவர்களுக்குச் செய்யும் அநியாயம். ஃபோர்டின் பங்கு, இந்தச் சோதனைகளுக்கு இடமும் பணமும் கொடுத்து, முடிவு வந்தால் மறுநாளே தொழிற்சாலையைப் பெயர்த்து மாற்ற அனுமதித்தது. அதுவும் சின்ன விஷயமல்ல.

சேஸிஸ் லைனும் இப்படித் தட்டுத் தடுமாறித்தான் வந்தது. முதலில் வழியெல்லாம் பாகங்களைக் குவித்து வைத்து, 250 அடி தூரத்துக்கு சேஸிஸில் கயிறு கட்டி, அந்தக் கயிற்றைச் சுருட்டி இழுத்தார்கள். ஆறு பேர் கூடவே நடந்தபடி பூட்டினார்கள். நேரம் 5 மணி 50 நிமிடத்துக்கு வந்தது. அக்டோபரில் ஆட்களை அவரவர் இடத்தில் நிற்க வைத்ததும் 3 மணி நேரத்துக்குள் வந்தது. 1914 ஜனவரியில் முடிவில்லாத சங்கிலி வந்தது.

சரி, முதலில் போட்ட கணக்குக்குத் திரும்புவோம். சேஸிஸில் மிச்சம் மூன்று டாலர்தான். ஆனால் அதே மிச்சம் மேக்னெட்டோவில், எஞ்சினில், ஆக்சிலில், ரேடியேட்டரில், சீட்டில் என்று எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. அதைவிடப் பெரியது, லைன் எல்லோரையும் ஒரே தாளத்துக்குக் கட்டியது. கடைசி லைன் ஒரு நிமிடத்துக்கு இத்தனை என்று விழுங்கும்போது, பின்னால் இருக்கும் ஒவ்வொரு பிரிவும் அதே வேகத்தில் கொடுத்தாக வேண்டும். எங்கே தாமதம் என்பது உடனே கண்ணுக்குத் தெரியும். பாதி முடிந்த பொருள்கள் தரையில் குவிந்து கிடக்காது. குவிந்து கிடப்பதெல்லாம் முடங்கிய பணம். இரும்பு உள்ளே வந்து காராக வெளியே போகும் நாட்கள் குறையக் குறைய, அதே முதலீட்டை வைத்துக்கொண்டு வருடத்தில் பல தடவை சுழற்றலாம். அதே கட்டிடத்தில், அதே இயந்திரங்களில் பல மடங்கு கார் வரும்போது, ஒவ்வொரு காரின் தலையிலும் விழும் நிலைச் செலவு சரியும். 1910-ல் சுமார் 20 ஆயிரம் கார் செய்த நிறுவனம், 1916-ல் 5 லட்சத்துக்கு மேல் செய்தது. 1923-ல் 18 லட்சத்துக்கும் மேல்.

இதோடு மூன்றாவது வேர் ஒன்று உண்டு. என் பார்வையில் முக்கியமானது அதுதான்: செலவு குறைந்த பிறகு விலையைக் குறைப்பது என்றில்லாமல், விலையை முதலில் குறைத்துவிட்டுச் செலவைப் பின்னால் துரத்துவது. மிச்சமான பணத்தை முதலாளி பையில் போட்டுக்கொண்டிருந்தாலும் லைன் ஓடியிருக்கும். அன்றைக்கு மாடல் டி-க்கு இருந்த தேவையில் விலையை இறக்க வேண்டிய கட்டாயமே இல்லை. 1914-ல் ஃபோர்டு ஒரு வாக்குறுதி கொடுத்தார்: அடுத்த ஒரு வருடத்தில் 3 லட்சம் கார் விற்றால், வாங்கிய ஒவ்வொருவருக்கும் விலையில் ஒரு பகுதி திருப்பித் தரப்படும். விற்றது 3 லட்சத்து 8 ஆயிரத்துக்கு மேல். ஆளுக்கு 50 டாலர் காசோலை போயிற்று. 1916-ல் ஏராளமான லாபம் கையில் இருக்கும்போதே 440-ஐ 360 ஆக்கினார். பங்குதாரர்களான டாட்ஜ் சகோதரர்கள் கொதித்துப்போய் வழக்குப் போட்டார்கள். 1919-ல் மிச்சிகன் உச்ச நீதிமன்றம், பங்குதாரர்களுக்கு ஏறக்குறைய 1 கோடியே 90 லட்சம் டாலர் கூடுதல் ஈவுத்தொகை கொடுக்கச் சொன்னது. அதற்குப் பிறகு ஃபோர்டு மற்ற எல்லாப் பங்குதாரர்களையும் விலை கொடுத்து அனுப்பிவிட்டார். குறைந்த விலை என்பது தானாக நடந்ததல்ல, ஒருவர் நீதிமன்றம் வரை போய்ப் பிடிவாதமாக நின்ற கொள்கை என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம்.

இனி, லைனில் நின்றவர்களைப் பற்றி. இதைச் சொல்லாமல் மலிவைப் பற்றி மட்டும் பேசுவது எனக்கு உறுத்தும். நாள் முழுக்க ஒரே நட்டை இறுக்குவதை மனிதர்கள் தாங்கவில்லை. 1913-ல் சுமார் 14 ஆயிரம் பேர் வேலை பார்த்த இடத்தில், அந்த எண்ணிக்கையைத் தக்கவைக்க 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை எடுக்க வேண்டியிருந்தது. வருகிறவர்கள் சில வாரங்களில் ஓடிவிட்டார்கள். 1914 ஜனவரி 5-ல் அறிவிக்கப்பட்ட புகழ்பெற்ற 5 டாலர் நாள் சம்பளம் இதற்கான மருந்து. தன் தொழிலாளிகளே தன் காரை வாங்கட்டும் என்பதற்காகக் கொடுத்தார் என்று பரவலாகச் சொல்வார்கள். 14 ஆயிரம் பேர் எல்லோரும் வாங்கினாலும் சில வார உற்பத்திக்கு மேல் வராது, அதற்காக யாரும் சம்பளத்தை இரட்டிப்பாக்க மாட்டார்கள். ஆட்கள் ஓடாமல் இருக்க வேண்டும், அதுதான் காரணம். வேலை நேரம் 9-லிருந்து 8 மணியாகி, இரண்டு ஷிப்ட் மூன்றானது. அறிவிப்பைக் கேட்டு உறைபனிக் குளிரில் ஆயிரக்கணக்கானோர் வாசலில் கூடினார்கள். கூட்டத்தைக் கலைக்கத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள்.

அந்த 5 டாலரில் ஏறக்குறைய பாதி, லாபப் பங்கு என்ற பெயரில், நிபந்தனையோடு வந்தது. நிறுவனத்தின் ஆட்கள் வீட்டுக்கே வந்து, குடிக்கிறாரா, சேமிக்கிறாரா, வீடு சுத்தமாக இருக்கிறதா என்று விசாரிப்பார்கள். பெண்களுக்கு ஆரம்பத்தில் அந்தச் சம்பளம் கிடையவே கிடையாது. அதே ஜனவரியில் ஒரு தொழிலாளியின் மனைவி ஃபோர்டுக்கு எழுதிய கடிதம் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. உங்கள் சங்கிலி முறை அடிமையை விரட்டுவது போல விரட்டுகிறது, என் கணவர் வீட்டுக்கு வந்து அப்படியே விழுகிறார், ராத்திரிச் சாப்பாடுகூட இறங்குவதில்லை, இதற்கு ஒரு வழி செய்யக் கூடாதா என்று கேட்கிறார். 5 டாலர் ஒரு வரம்தான், ஆனால் அதற்கு ஈடாக அவர்கள் உழைத்துத் தீர்க்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார். பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு, 1941-ல்தான் ஃபோர்டு தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டது.

செலவுக் கணக்கில் ஒரு வேடிக்கையான உண்மையும் உண்டு. சம்பளம் மணிக்கு 26 சென்ட்டிலிருந்து அறுபது சென்ட்டுக்கு மேல் ஏறியும், ஒரு சேஸிஸைப் பூட்டும் கூலி மூன்றேகால் டாலரிலிருந்து ஒரு டாலருக்குக் கீழே போனது. கூலி உயர்ந்தால் பொருள் விலை உயரும் என்பது கட்டாயமல்ல. ஒரு மணி நேரத்தில் என்ன வெளியே வருகிறது என்பதைப் பொறுத்தது அது.

வாங்குகிறவர் பக்கமிருந்து பார்ப்போம். 850 டாலர் கார், நாளுக்கு 2.34 டாலர் வாங்குகிறவருக்கு 363 நாள் சம்பளம். 1914-ல் 490 டாலர் கார், 5 டாலர் வாங்குகிறவருக்கு 98 நாள். 1920களின் நடுவில் ஃபோர்டில் குறைந்தபட்சம் 6 டாலர், கார் 290. அது 48 நாள். இது ஃபோர்டு தொழிலாளியின் கணக்கு. மற்ற இடங்களில் கூலி குறைவு, ஆனால் திசை இதுதான். மற்ற பொருள்களில் பெரும்பாலானவை 1908-ஐவிட விலை ஏறியிருந்த காலத்தில் இது நடந்தது. அமெரிக்காவில் 1910-ல் 5 லட்சத்துக்கும் குறைவாக இருந்த கார்கள், 1927-ல் 2 கோடி ஆயின. மற்ற நிறுவனங்களும் லைனுக்கு மாறியதும், 1919-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தவணைக் கடன் கொடுக்கத் தனி நிறுவனம் தொடங்கியதும், பழைய கார் சந்தை பெருகியதும் இதில் சேரும். மொத்தமாகக் கையில் பணம் இல்லாதவரும் மாதா மாதம் கட்டி வாங்கலாம் என்றானது. ஃபோர்டு கடனை வெறுத்தவர். அவர் 1923-ல் கொண்டுவந்த திட்டம், வாரம் 5 டாலர் சேர்த்து, முழுத் தொகையும் சேர்ந்த பிறகு காரை எடுத்துப் போவது. அது எடுபடவில்லை.

ஒரே மாடல் என்ற பலமே கடைசியில் கழுத்தைப் பிடித்தது. மக்கள் நிறமும் அழகும் கேட்கத் தொடங்கினார்கள், செவர்லே அதைக் கொடுத்தது. 1927 மே மாதம், 1 கோடியே 50 லட்சம் கார்களுக்குப் பிறகு மாடல் டி நின்றது. மாடல் டி-க்கு மட்டுமே பயன்பட்ட ஏராளமான இயந்திரங்களைக் கழித்துப் போட்டு, புது மாடலுக்காகத் தொழிற்சாலைகளைப் பல மாதம் மூட வேண்டியிருந்தது. அந்த மாதங்களில் பல்லாயிரம் பேருக்கு வேலை இல்லை.

இந்தியாவைப் பற்றிய கேள்விக்கு இனிப் பதில் எளிது. உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்ட் என்ற மூன்று நிறுவனங்களிடமும் தொழிற்சாலை இருந்தது. ஒரே மாடலைப் பல வருடம் மாற்றாமல் செய்வதும் இருந்தது. இல்லாதது எண்ணிக்கை. எத்தனை கார் செய்யலாம் என்பதை அரசு கொடுத்த உரிமம் தீர்மானித்தது. நாடு முழுவதும் வருடத்துக்குச் சில பத்தாயிரம் கார்கள், அதையும் பல ஆலைகள் பங்கு போட்டுக்கொண்டன. வாங்குகிறவர் முன்பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார். காத்திருக்கும் வரிசை அவ்வளவு நீளமாக இருந்தபோது விலையைக் குறைக்கும் நெருக்கடி எந்த ஆலைக்கும் வரவில்லை. போதாததற்கு, கார் ஆடம்பரப் பொருள் என்று வரியும் கனமாக இருந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 ஏறக்குறைய 50 ஆயிரம் ரூபாய்க்கு வந்தபோது, குர்கான் ஆலை ஆரம்பத்திலேயே வருடத்துக்கு 1 லட்சம் வாகனம் என்று திட்டமிடப்பட்டிருந்தது. அதுவரை நாட்டில் இருந்த எல்லாக் கார் ஆலைகளும் சேர்ந்து செய்ததைவிட அது அதிகம்.